வண்டியை ஊருக்குத் திருப்பாதீர்கள்

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம், பழனி, திருச்செந்தூர் என்று வேன் எடுத்துப் போகும் குடும்பங்களிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரோடியிருக்கிறது. வழியில் பெரியவர்களுக்கு நெஞ்சை அடைத்தாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனாலோ, முதல் வேலையாக வண்டியை ஊருக்குத் திருப்பிவிட வேண்டுமாம். “தெரியாத ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு ஆளையும் கெடுத்துவிடுவார்கள். ராத்திரியே கிளம்பினால் விடிவதற்குள் நம்ம டாக்டரிடம் காட்டிவிடலாம்.” படித்தவர், படிக்காதவர், வசதியுள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடே இல்லாமல் இந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் பயண ஆலோசனை என்ற பெயரில் சுற்றுகிறது. அவசர சிகிச்சைத் துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைவிட ஆபத்தான யோசனை இல்லை என்றுதான் சொல்வார்கள். பெற்றோர் மீது பாசமில்லாதவர்கள் இப்படிச் செய்வதில்லை, பாசமுள்ளவர்கள்தான் செய்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

மாரடைப்பில் நடப்பது இதுதான்: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது. அடைப்பு நீங்கும்வரை அந்தத் தசை செத்துக்கொண்டே போகும். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து எந்த நேரத்தில் எவ்வளவு பயன் தருகிறது என்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட கட்டுரை ஒன்று 1996இல் லான்செட் இதழில் வந்தது. வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால் ஆயிரம் பேரில் கூடுதலாக 65 பேர் பிழைக்கிறார்கள். இரண்டாம் மணி நேரத்தில் அது 37 ஆகிறது. மூன்றாம் மணி நேரத்தில் 26. ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 560 கிலோமீட்டர். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். அந்த முதல் மணி நேரத்தின் பலனை வழியில் உள்ள உச்சிப்புளி தாண்டுவதற்குள் தொலைத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் பின்சீட்டில் தசையைச் சாகவிட்டுக்கொண்டு போகிறோம். போகிற வழியே ஆபத்து என்பதும் யாருக்கும் உறைப்பதில்லை. மாரடைப்பில் தொடக்கத்திலேயே இறப்பவர்களில் பெரும்பாலோர் இதயத் துடிப்பின் தாளம் திடீரெனக் கெட்டு இறக்கிறார்கள். மின் அதிர்ச்சி கொடுத்து அந்தத் தாளத்தைச் சரிசெய்யும் கருவி ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். நாற்கரச் சாலையில் நூற்றிருபதில் பறக்கும் இன்னோவாவில் இருக்காது.

பக்கவாதத்தில் நிலைமை இன்னும் நெருக்கடி. மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டுச் சொன்னார். கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்து, சர்க்கரை பார்த்து முடித்திருக்க வேண்டும். பழனியிலிருந்து சென்னைக்குப் புறப்படுகிறவர் இந்த வாய்ப்பைத் தானே கைகழுவிவிட்டுத்தான் புறப்படுகிறார். இங்கே விவரம் தெரிந்த சிலர் ஒரு மறுப்பு சொல்வார்கள்: “இப்போதெல்லாம் 24 மணி நேரம்வரை கட்டியை எடுக்கலாமே?” உண்மைதான், 2018இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை அந்த நேரம்வரை நீண்டிருக்கிறது. ஆனால் அது பெரிய குழாய் அடைபட்டு, காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி இன்னும் மிச்சமிருப்பதாக ஸ்கேனில் தெரிகிற சிலருக்கு மட்டும்தான். நம் அப்பா அந்தச் சிலரில் ஒருவரா என்பதும் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அந்த ஸ்கேனும் முதலில் பக்கத்து ஊரில்தான் எடுக்கப்பட வேண்டும்.

“எங்க டாக்டருக்குத்தான் அப்பா உடம்பு தெரியும்” என்பது அடுத்த வாதம். இருபது வருடம் பார்த்த மருத்துவருக்குப் பல விஷயங்கள் தெரிந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதல் சில மணி நேரத்தில் தேவைப்படுபவை ஒரு ஈ.சி.ஜி., ஒரு ஸ்கேன், ஒரு சர்க்கரைப் பரிசோதனை. மற்றபடி அந்நிய ஊர் மருத்துவர் கேட்கப்போவது இவ்வளவுதான்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, சிறுநீரகக் கோளாறு உண்டா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு. முதல் நான்குக்கும் பதில் ஒரு தாளில் அடங்கும். அந்தத் தாளை அப்பாவின் சட்டைப் பையிலும் உங்கள் போனிலும் வைக்காமல் மூன்று மாநிலம் சுற்றப் புறப்பட்டுவிட்டு, மருத்துவர் தெரியாதவர் என்று குறை சொல்வதில் நியாயமில்லை. உங்கள் டாக்டரின் கருத்து வேண்டுமானால் போனில் கேளுங்கள், ஈ.சி.ஜி. படத்தை அனுப்புங்கள். நல்ல மருத்துவராக இருந்தால் அவரும் அங்கேயே சேருங்கள் என்றுதான் சொல்வார். கடைசிக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் கூட வந்த பிள்ளை மட்டுமே. காலையில் எழும்போதே வாய் கோணியிருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லக் கூடாது. முந்தின இரவு கடைசியாக நல்லபடியாகப் பேசிய நேரத்தைச் சொல்ல வேண்டும்.

பண பயத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. புது ஊரில் பேரம் பேசத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அதற்கான தீர்வு பயணத்தைத் தொடர்வதில் இல்லை. அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் அவசர நோயாளியை இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்புவது வாழ்வுரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே பயணத்தில் அடிபட்ட ஒருவருடையது: மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரசு மருத்துவமனைகள் சேர்க்க மறுத்திருந்தன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை சொந்த மாவட்டத்தில் மட்டும் செல்லும் என்று நினைப்பதும் தவறு. திட்டத்தில் சேர்ந்த எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லும். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள், பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் வசதி கேட்கலாம் என்ற ஏற்பாடு 2024 ஜனவரியில் வந்துவிட்டது. அவசரச் சேர்க்கை என்றால் 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள நேரமில்லை, தரிசன டிக்கெட் முன்பதிவுக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

ஒரு மறுப்பை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் இருக்கிற கட்டடம் எல்லாமே பக்கத்து ஆஸ்பத்திரி ஆகிவிடாது. பக்கவாதம் வந்தவரை ஸ்கேன் இல்லாத நர்ஸிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்கவைப்பதும் நேரத்தைக் கொல்வதுதான். எனவே கேட்க வேண்டிய கேள்வி, “பக்கவாதத்துக்கு ஊசி போடுகிற, சி.டி. இருக்கிற ஆஸ்பத்திரி எது? மாரடைப்புக்கு ஊசியோ ஆஞ்சியோவோ செய்கிற இடம் எது?” என்பதுதான். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ்காரர்களுக்கு இது அன்றாடப் பாடம். லாட்ஜ் மேனேஜருக்கோ வேன் டிரைவருக்கோ அல்ல. மாரடைப்புக்குச் சிறிய ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும் முறையை நம் மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்து, முடிவுகளை 2017இல் வெளியிட்டார்கள். அந்த ஏற்பாடு வருவதற்கு முன் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 17.6 பேர் இறந்துகொண்டிருந்தார்கள்; வந்த பிறகு 14.2 பேர். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தால் கொடுக்க வேண்டிய 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன. ராமநாதபுரத்திலும் திண்டுக்கல்லிலும் 2022 ஜனவரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டுவிட்டன. “அங்கே எல்லாம் என்ன வசதி இருக்கப்போகுது” என்று சொல்கிறவர்களின் வரைபடம் முப்பது வருடம் பழையது.

மற்ற வதந்திகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியையும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்பது சுத்தப் பொய். பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்பதும் அப்படியே. பி.பி. ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சடாரென்று இறக்குவது, அடைபட்ட மூளைக்கு எட்டும் கொஞ்சநஞ்ச ரத்தத்தையும் குறைத்துவிடும். நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை, உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே எழுதித் தரப்பட்டிருந்தால் ஒழிய வேண்டாம். ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும்போது அது ஆளைச் சாய்த்துவிடும். நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் பயனுள்ளது. பக்கவாதத்துக்கு ஸ்கேன் எடுக்கும்வரை கூடாது, ஏனென்றால் அது ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். வாய் கோணியவருக்குத் தண்ணீர், சோடா, காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சர்க்கரை நோயாளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தரிசனம் முடியும்வரை பட்டினி கிடந்து உளறினால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரை கொடுக்கலாம், நினைவு இல்லையென்றால் வாய்வழி ஒன்றும் கூடாது. ‘வாயுத் தொல்லை’ என்ற பேச்சை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும், குறிப்பாக அம்மாக்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்குவதும் வியர்த்துக் கொட்டுவதும் என்றைக்கும் இல்லாத அசதியும்தான் அடையாளம். பிள்ளைகளின் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று அம்மா அதையும் சொல்ல மாட்டார். கேட்க வேண்டியது நீங்கள்.

ரயிலில் என்றால் சங்கிலியை இழுப்பதுதான் வேகமான வழி என்று பலர் நம்புகிறார்கள். வயல்வெளியில் வண்டி நின்றால் எந்த மருத்துவர் வரப்போகிறார்? 139க்கு அழைத்துப் பெட்டி எண், இருக்கை எண் சொல்லுங்கள். டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். அடுத்து நிற்கும் நிலையத்தில் மருத்துவ உதவியும் ஆம்புலன்ஸும் காத்திருக்க ஏற்பாடு செய்ய அவர்களால் முடியும். அந்த நிலையத்தில் இறங்குவதா, ஊர்வரை போய்விடுவதா என்ற தயக்கம் வரும். இறங்குங்கள். வெளிமாநிலத்தில் என்றால் 112 எங்கும் இயங்கும்.

கடைசியில் எஞ்சும் மறுப்பு மருத்துவம் சார்ந்ததல்ல. கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவே மகன் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை நம்ம ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுப்பா” என்கிறார். அதைத் தட்டுவது எந்தப் பிள்ளைக்கும் கொடுமை. அதே நேரத்தில் ஊரிலிருந்து சித்தப்பாவும் அத்தானும் மாறி மாறி போன் செய்து, “இன்னும் அங்கேயா வச்சிருக்கே?” என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது இந்த நெருக்கடியில்தான். உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொலைவிலிருந்து உத்தரவு போடாதீர்கள். பணம் அனுப்புங்கள், அல்லது ஒருவர் பஸ் ஏறி வந்து இரவுக் காவலைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்குச் சொல்வது: அப்பாவிடம் பொய் சொல்ல வேண்டாம். “கூட்டிப்போகிறேன் அப்பா, டாக்டர் சரி சொன்னதும்” என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. நிலைமை சீரான பிறகு, குறிப்புகளையும் ஸ்கேன் படங்களையும் கையில் வாங்கிக்கொண்டு, சேர்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே பேசிவிட்டு, ஆக்ஸிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உள்ள ஆம்புலன்ஸில் ஊருக்கு மாற்றுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

இவ்வளவும் குடும்பங்களின் தலையிலேயே கட்டிவிட்டு விலகுவதும் சரியல்ல. ஆண்டுக்கு லட்சக்கணக்கான முதியவர்களை வரவேற்கும் கோயில் ஊர்களில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பலகை உண்டு, மொட்டை போடும் இடத்துக்குப் பலகை உண்டு. அருகில் சி.டி. ஸ்கேன் எங்கே, இதய அடைப்புக்கு ஊசி எங்கே போடுவார்கள், எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும் பலகையைத் தேடினாலும் கிடைப்பதில்லை. அறநிலையத் துறை ஒவ்வொரு பெரிய கோயிலின் வாசலிலும், போக்குவரத்துக் கழகம் பேருந்து நிலையத்திலும், லாட்ஜ்காரர்கள் அறைக் கதவின் உட்புறத்தில் காலிசெய்யும் நேரம் எழுதியிருக்கும் அட்டையிலும் அந்த இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும். பழனிக்குக் கேரளத்திலிருந்தும் ராமேஸ்வரத்துக்கு வடக்கிலிருந்தும் வருகிறார்கள். தமிழோடு மலையாளத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் இருக்கட்டும். ஸ்கேன் இயந்திரம் பழுதானால் அன்றைக்கே அந்த வரியை மாற்றுவதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். மாவட்டந்தோறும் நலப் பணிகள் இணை இயக்குநர் இருக்கிறார். அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம்.