தீ அணைந்த பிறகும் துணை வேண்டும்

2023 ஆகஸ்ட் 8ஆம் திகதி ஹவாயித் தீவுகளில் ஒன்றான மௌயியில் லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்தது. 102 பேர் இறந்தார்கள். அதுவும் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த ஊர்தான். கைவிட்ட தோட்டக் காணிகளில் காய்ந்து கிடந்த புல் தீக்குத் தீனியானது.

சாப்பாடும் உடுப்பும் முதல் கிழமையே வந்துவிடும். அதுக்குப் பிறகு? அங்கே உதவி கேட்டுப் பதிந்த குடும்பத்துக்கு ஒரு உத்தியோகத்தர் பொறுப்பாக இருந்தார். குடும்பத்தோடு உட்கார்ந்து, இழந்தது என்ன, முதலில் தேவை என்ன என்று எழுதித் திட்டம் போட்டார். வீடு, தொழில், மனவேதனை எல்லாம் அதில் அடங்கின. மாதக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். ஒரே கதையைப் பத்துக் கந்தோரில் சொல்லி அழத் தேவை இருக்கவில்லை.

நம்ம லயத்தில் தீப்பிடித்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும்:

1. உடனே பொலிசில் முறைப்பாடு செய்து பிரதி எடுங்கள். எரிந்த அடையாள அட்டைக்குப் பதில் எடுக்க அது தேவை. கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.

2. பிறப்புச் சாட்சிப் பத்திரப் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம்.

3. போன இடம், திகதி, பேசியவர், கிடைத்த பதில் எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள்.

"ஆறு மாசமாச்சே, இன்னும் போய்க் கேக்கிறதா?" என்று கூச்சப்படாதீர்கள். பிள்ளை இரவில் பயந்து எழும்பினால் அதையும் சொல்லுங்கள். கொப்பியோடு வாங்க, நாம் சேர்ந்து பார்ப்போம்.