நாய்க்கடியும் நம் உரிமையும்

நாய் கடித்தால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அறியாதவர் இல்லை. ஆனால், கடித்த நாய்க்குப் பொறுப்பாளி ஒருவர் உண்டு, அவரிடம் நஷ்ட ஈடு கேட்க நமக்கு உரிமையும் உண்டு என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. 'போதாத காலம்' என்று நொந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம். ஊர் விட்டு வந்து சண்டிகரில் பயிலும் நமக்கோ, போலீஸ் நிலையத்தின் படியேறி இந்தியில் முறையிட வேண்டுமே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அக் கூச்சத்தைப் போக்குவதே இக் கட்டுரையின் நோக்கம்.

நான் சட்டம் பயிலவில்லை, வேதியியல் பயில்கிறேன். என் அறைத் தோழரை விடுதிக்கு அருகே தெரு நாய் ஒன்று கடித்தது. அதன் பின்னரே இச் சட்டங்களைத் தேடிப் படித்தேன். படித்தவற்றை எளிய முறையில் இங்கே தருகிறேன்.

முதலில் உயிர்

வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதோ எளிது. கடிவாயை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியவற்றை அப்புதல் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலுக்குள் போடும் தடுப்பூசியை முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாட்களிலும் போடுகிறார்கள். இடையில் நிறுத்திவிடலாகாது. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தைக் கடிவாயிலேயே செலுத்த வேண்டும். தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பாற்றல் உண்டாகச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை நம்மைக் காப்பது இம் மருந்துதான்.

நாய் யாருடையது?

இனிச் சட்டத்திற்கு வருவோம். சட்டம் கேட்கும் முதற் கேள்வி, 'நாய் யாருடையது?' என்பதே.

வளர்ப்பு நாயாயின் வளர்ப்பவரே பொறுப்பு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 291 ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. தம் வசமுள்ள விலங்கினால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி தக்க காவல் செய்யத் தவறியவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289 ஆம் பிரிவில் இந்த அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது.

ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. அபராதம் வேறு, நஷ்ட ஈடு வேறு. அபராதம் அரசுக்குச் செல்வது. மருத்துவச் செலவும், இழந்த ஊதியமும், பட்ட துன்பமும் ஈடாக வேண்டுமானால், உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். அங்கே வளர்ப்பவரின் கவனக் குறைவை நாம் மெய்ப்பிக்க வேண்டும். சங்கிலி இன்றி நாயைத் தெருவில் விட்டாரா? வாயிற்கதவு திறந்து கிடந்ததா? அந்த நாய் முன்பும் எவரையேனும் கடித்து, அது அவருக்குத் தெரிந்திருந்ததா? இவை நம் பக்கத்திற்கு வலுச் சேர்ப்பவை. நாமே நாயைச் சீண்டியிருந்தால் அவ்வலு குறைந்துவிடும்.

தெரு நாய் கடித்தால்

தெரு நாய்க்கு உடையவர் இல்லை. அதனால் கேட்க நாதியும் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 2023 ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யும் கடமை நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளைச் சார்ந்தது. 'எங்களிடம் பணம் இல்லை' என்று சொல்லி நகராட்சி தன் கடமையினின்று நழுவ முடியாது என்று இரத்லாம் நகராட்சி வழக்கில் உச்சநீதி மன்றம் 1980 இலேயே கூறிவிட்டது. கேரளத்தில் தெரு நாய்க்கடிக்கு ஆளானோரின் கோரிக்கைகளை ஆராய, 2016 இல் நீதிபதி சிரி ஜகன் தலைமையில் ஒரு குழுவையும் அம் மன்றம் அமைத்தது.

நமக்கு மிகவும் பயன்படுவது பஞ்சாப்-அரியானா உயர்நீதி மன்றம் 2023 இல் அளித்த தீர்ப்பாகும். பஞ்சாப், அரியானா, சண்டிகர் மூன்றுக்கும் உரியது அது. தெருவில் திரியும் விலங்குகளால் துன்புற்றோர்க்கு நஷ்ட ஈடு வழங்க, டெபுடி கமிஷனர் தலைமையில் மாவட்டந்தோறும் குழு அமைக்குமாறு மன்றம் பணித்தது. உரிய சான்றுகளுடன் மனுக் கொடுத்தால் 4 மாதத்திற்குள் முடிவு கூற வேண்டும். நாய்க்கடிக்கு ஒரு பல் தடத்திற்குக் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டர் காயத்திற்குக் குறைந்தது 20,000 ரூபாய். இக் கணக்கின்படி 1 சென்டிமீட்டர் காயத்திற்கு ஒரு லட்சம் ஆகிறது. முதலில் பணம் தர வேண்டியது அரசு. தவறிழைத்த அமைப்பிடமிருந்தோ தனி மனிதரிடமிருந்தோ அரசு அதைப் பின்னர் வசூலித்துக்கொள்ளலாம்.

நிற்க. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து தெரு நாய்களை அகற்றிக் காப்பிடங்களில் சேர்க்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடலாகாது என்று உச்சநீதி மன்றம் 2025 நவம்பர் 7 அன்று ஆணையிட்டது. விடுதி வாயிலில் நாய்கள் கூட்டமாகத் திரிந்தால் நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்க இது போதிய ஆதாரம்.

எழுத்தில் இருக்கட்டும்

பல் தடத்தை எண்ணியும் காயத்தை அளந்தும் பணம் தரப்படுகிறது என்றால், அந்த எண்ணும் அளவும் மருத்துவர் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? என் தோழர் காலில் நான்கு பல் தடங்கள் இருந்தன. ஓ.பி. சீட்டிலோ 'நாய்க்கடி' என்ற ஒரு சொல்லே இருந்தது. இரண்டாம் ஊசிக்குச் சென்றபோது மருத்துவரிடம் சொல்லித் தடங்களின் எண்ணிக்கையை எழுதுவித்தோம். இன்னும் சில நாள் போயிருந்தால் தடமே மறைந்திருக்கும். மனு இப்போது குழுவின் முன் இருக்கிறது.

ஆகவே, முதல் நாளே இவற்றைச் செய்து வையுங்கள்: பல் தடமும் காயத்தின் நீளமும் குறித்த மருத்துவச் சீட்டு; அளவுகோலை அருகில் வைத்து எடுத்த புகைப்படம்; இடமும் நேரமும் குறித்துப் போலீஸ் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல்; கண்டவர் இருவரின் பெயரும் முகவரியும்; மருந்துக் கடை ரசீதுகள். போலீசார் தகவலைத் தாமதமின்றித் தினசரிக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்பதும் மேற்கண்ட தீர்ப்பில் உள்ளதே.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று அஞ்ச வேண்டா. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் மாற்றுத் திறனாளிகளும் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெறலாம். மற்றையோர் வருமான வரம்புக்கு உட்பட்டுப் பெறலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம்.

கேட்பது எதற்காக?

கடித்த நாயை அடித்துக் கொல்வது பரிகாரம் ஆகாது, குற்றமே ஆகும். நாய்க்குச் சட்டம் தெரியாது. கடமை தவறியது மனிதர்கள். ஒரு பல் தடத்திற்குப் பத்தாயிரம் கொடுப்பதைவிட ஒரு நாய்க்குத் தடுப்பூசி போடுவது மலிவு. நஷ்ட ஈடு கேட்போர் பெருகினால் இக் கணக்கு நகராட்சிக்குத் தானே விளங்கும். நாம் பேசாதிருந்தால், அதே நாய் நாளை பள்ளிக்குச் செல்லும் ஒரு குழந்தையைக் கடிக்கும். அக் குழந்தையின் பொருட்டேனும் மனுவை எழுதுங்கள். இந்தியில் எழுதத் துணை வேண்டுமாயின், நம் சங்கத்தில் அதற்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.