வேகமெடுத்தால் சத்தம் போடும் கம்ப்யூட்டர்

கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், அது எங்கிருந்து வருகிறது, வேகத்தோடு கூடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். கம்ப்யூட்டருக்கும் இதே வழிதான். வேர்டில் கடிதம் அடிக்கும் வரை அமைதியாக இருந்துவிட்டு, கேம்ஸ் திறந்தவுடன் "உஸ்" என்று இரைகிறது என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்கிறார்கள். எல்லாச் சத்தமும் கோளாறு அல்ல. ஆனால் ஒரு சத்தத்தை மட்டும் அலட்சியம் செய்யவே கூடாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. எல்லா புரோகிராம்களையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மானேஜர் திறக்கும். அதில் சி.பி.யு. என்ற தலைப்பில் கிளிக் செய்தால், பிராசசரை அதிகம் பயன்படுத்தும் புரோகிராம் மேலே வரும். இப்போது கேம் ஒன்றைத் திறந்து கேளுங்கள். வேலை கூடும்போது சத்தம் கூடி, குறையும்போது குறைந்தால் அது மின்விசிறியின் சத்தம். வேலைக்கும் சத்தத்திற்கும் தொடர்பே இல்லை என்றால் காரணம் வேறு.

சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? செய்தித்தாளைக் குழாய் போலச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை மூடியிருக்கும் கேபினட்டின் பல இடங்களிலும் வைத்துக் கேளுங்கள். இடம் பிடிபட்டுவிடும்.

1. காற்று இரைச்சல்: பிராசசர் அதிகம் உழைத்தால் சூடாகும். சூட்டிற்கு ஏற்ப மதர்போர்டு விசிறியை வேகமாகச் சுற்ற வைக்கும். இது இயல்பு. சும்மா இருக்கும்போதும் இரைந்தால், பின்னணியில் ஆன்டி வைரஸ் ஸ்கேன் அல்லது விண்டோஸ் அப்டேட் நடக்கிறதா என்று டாஸ்க் மானேஜரில் பாருங்கள். எதுவும் இல்லை என்றால் தூசிதான் காரணமாக இருக்கலாம். ஹீட் சிங்க்கின் இடுக்குகளைத் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. பல பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். சத்தத்தோடு கம்ப்யூட்டர் மந்தமாவதும் இதனால்தான்.

2. "கர கர" சத்தம்: உள்ளே தொங்கும் வயர் விசிறியின் இறக்கையில் உரசலாம். வயரை ஒதுக்கிக் கட்டினால் போதும். ஆன் செய்தவுடன் கரகரத்து, சில நிமிடங்களில் அடங்கினால் விசிறியின் பேரிங் தேய்ந்து வருகிறது. விசிறியை மாற்றிவிடுங்கள். வாங்கும் முன் அதன் அளவு 80, 92, 120 மில்லிமீட்டரில் எது என்றும், இணைப்பு மூன்று பின்னா, நான்கு பின்னா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. அதிரும் சத்தம்: கேபினட்டின் பக்கத் தகட்டைக் கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் ஸ்க்ரூ தளர்ந்துள்ளது. இறுக்கினால் சரியாகிவிடும்.

4. "கீச்" என்ற மெல்லிய ஒலி: கேம்ஸ் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் கார்டில் வரும். மின்னோட்டம் மாறும்போது அதிலுள்ள காயில்கள் அதிர்வதால் எழும் ஒலி இது. எரிச்சல் தருமே தவிர ஆபத்தில்லை.

5. "டிக், டிக்" சத்தம்: நான் முதலில் எச்சரித்தது இதைத்தான். ஹார்ட் டிஸ்க்கின் தட்டுகளில் பல நிமிடத்திற்கு 7,200 முறை சுற்றுகின்றன. படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தவிக்கும்போது சீரான இடைவெளியில் இந்தச் சத்தம் வரும். இதைக் கேட்டால் டிஃப்ராக், ஸ்கேன் எதையும் ஓட்டாதீர்கள். அந்த உழைப்பே டிஸ்க்கை முடித்துவிடலாம். குடும்பப் போட்டோக்கள், பிள்ளைகளின் புராஜெக்ட், கணக்கு பைல்கள் ஆகியவற்றை முதலில் வேறு டிரைவில் காப்பி செய்யுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எஸ்.எஸ்.டி. டிரைவில் சுழலும் பாகமே கிடையாது. எனவே அதில் இந்தச் சத்தம் வராது. அதற்காகப் பேக்கப் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

சுத்தம் செய்யும் முறை: வாரண்டி காலம் இருந்தால் கேபினட்டைத் திறக்கலாமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே திறக்கவும். விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் தூசியை ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி தாறுமாறாகச் சுற்றிக் கெடும். ஈரத்துணி வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். பிளக்கை எடுத்த பின்னும் அதன் கப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். சத்தம் அதிலிருந்து வந்தால் பெட்டியோடு மாற்றுவதே நல்லது.

லேப்டாப் வைத்திருப்போர் அதை மெத்தை, தலையணை மீது வைக்காதீர்கள். காற்று போகும் துளைகள் அடைபட்டுவிடும்.

உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதன் சத்தத்தை ஒரு முறை கவனித்துக் கேட்டு வையுங்கள். நாளை அது மாறினால் உடனே தெரிந்துவிடும்.