ஆறு விரல் நாய்க்கு ஒரு துணை தேடி

குட்டி பிறந்தால் முதல் இரண்டு கிழமையும் எங்கள் சமையலறைத் தராசில் மா நிறுக்க மாட்டோம். அதன்மேல் ஒரு துவாயை மடித்து வைத்து, காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்துக் கொப்பியில் எழுதுவோம். முதல் ஈற்றின் பெட்டைக் குட்டி பிறந்தபோது 185 கிராம், மறுநாள் 178. முதல் நாளில் கொஞ்சம் இறங்குவது வழமை. மூன்றாம் நாளும் ஏறாவிட்டால்தான் பயம். அந்த இரவு குட்டியைத் தாயின் பின்பக்கத்து முலையில், பால் அதிகம் சுரக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தேன். காலையில் 184. கொப்பியில் அந்த எண்ணை எழுதும்போது என் கை நடுங்கியது.

எங்கள் நாய் லுண்டஹுண்ட். நோர்வேயின் வடக்கே, லோபோட்டன் தீவுகளின் தெற்கு நுனிப் பக்கம் இருக்கும் வேரோய் தீவின் நாய் அது. எடை ஏழு கிலோ அளவுதான். ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். தலையைப் பின்னால் வளைத்து முதுகைத் தொடும். முன்னங்கால்களை இரு பக்கமும் நேராக விரிக்கும். காதை மடித்து மூடிக்கொள்ளும். பாறை இடுக்கில் பொந்து வைக்கும் லுண்ட என்ற கடற்பறவையைப் பிடிக்க இந்த உடம்பு உதவியது. 1988இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில்தான் இந்த நாயை முதலில் கண்டேன். வழுக்கும் பாறையில் அது ஏறிய விதம் கண்ணை விட்டுப் போகவில்லை. சொந்தமாக ஒன்று வாங்க இருபது வருடம் ஆனது.

இந்த இனத்தின் வரலாறு தெரியாமல் இதை இணை சேர்க்க யாரும் துணியக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் பறவை பிடிக்க வலை வந்ததும் நாயின் தேவை போய்விட்டது. மோஸ்தாட் என்ற ஒதுங்கிய ஊரில் மட்டும் சில மிஞ்சின. எலினோர் கிறிஸ்டி என்ற பெண்மணி 1930களின் கடைசியில் அங்கிருந்து சில நாய்களைத் தெற்கே எடுத்து வளர்த்தார். போர்க்காலத்தில் டிஸ்டெம்பர் நோய் தீவிலும் தெற்கிலும் நாய்களை அழித்தது. 1960களின் தொடக்கத்தில் ஆறு நாய்கள்தான் எஞ்சியிருந்தன என்று சொல்வார்கள். அதில் ஐந்து ஒரே தாயின் குட்டிகள். இன்றைக்கு இருப்பவை எல்லாம் அந்தக் கைப்பிடியளவு நாய்களின் வழி வந்தவை. எங்கே துணை தேடினாலும் கிடைப்பது ஒரு சொந்தக்கார நாய்தான்.

அதன் விலையை நாயின் குடல் கொடுக்கிறது. உணவிலிருந்து உடம்பில் சேரவேண்டிய புரதம் குடல் வழியே வெளியேறிப் போகும் ஒரு நோய் இந்த இனத்தில் பரவலாக இருக்கிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி, மெலிவு, சிலவேளை வயிற்றிலும் காலிலும் நீர் கோர்த்தல். சில நாய்க்கு இளமையில் வரும், சிலதுக்கு வயது போய் வரும், சிலதுக்கு வராமலே போகும். இந்த நிச்சயமின்மையை நான் மதிக்கத் தவறியதுதான் என் முதல் பிழை.

எங்கள் பெட்டை மல்லிக்கு அப்போது இரண்டரை வயது. கண்காட்சியில் பரிசு வாங்கிய ஓர் ஆண் நாயைப் பார்த்து மயங்கினேன். அதற்கும் இரண்டு வயதுதான். நிறம் வடிவு, நடை வடிவு. மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு நல்ல குட்டி வேணுமா, இல்லாட்டி அந்த நாயின்ர பேர் வேணுமா?" நான் பதில் சொல்லாமல் கார்ச் சாவியை எடுத்தேன். மூன்று குட்டி பிறந்தன. இந்த இனத்துக்கு அது நல்ல ஈற்று, இரண்டோடு முடிவதும் உண்டு. ஒன்றரை வருடத்தில் அந்த ஆண் நாய்க்குக் குடல் நோய் பிடித்தது. பிறகு ஒரு குட்டிக்கும் வந்தது. அதை வளர்த்த வயதான அம்மா தொலைபேசியில், "நான் சாப்பாட்டில் ஏதும் பிழை விட்டேனா?" என்று கேட்டார். இல்லை அம்மா, பிழை உங்களுடையது இல்லை என்று சொன்னேன். மற்ற இரு வீடுகளுக்கும் அன்றே அழைத்துச் சொன்னேன். இனச் சங்கத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். நோயை மறைத்தால் அடுத்து இணை சேர்ப்பவர் அதே கிணற்றில் விழுவார்.

அதற்குப் பிறகு ஆணைத் தேடும்போது முதலில் வயதைப் பார்க்கிறேன். ஏழு, எட்டு வயதிலும் ஓடியாடித் திரியும் நாய் தன் உடம்பாலேயே சான்று சொல்கிறது. அதன் கூடப்பிறந்ததுகள் எப்படி, தாய் எத்தனை வயதில் எதனால் செத்தது என்று கேட்டு எழுதுகிறேன். இணைக்கு முன் பெட்டைக்கு இரத்தப் பரிசோதனை: மொத்தப் புரதம், அல்புமின், பி12. அல்புமின் குறைந்திருந்தால் அந்த முறை இணை இல்லை. புரொஜெஸ்தரோன் என்ற ஹோர்மோனை அளந்து இணைக்கு நாள் பார்ப்பதற்குச் செலவு ஆகும்தான். ஆனாலும் குட்டி குறைவாகப் போடும் இனத்தில் நாளைத் தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் எடுத்தது. பெரிய இனங்களில் "சிறந்ததை மட்டும் இணை சேர்" என்பது நல்ல புத்தி. இங்கே அது இனத்தையே நெரிக்கும். எல்லோரும் ஒரே அழகன் ஆணைத் தேடி ஓடினால் பத்து வருடத்தில் எல்லாக் குட்டிகளும் அரைச் சகோதரங்கள். முன்கடைவாய்ப் பல் ஒன்றிரண்டு இல்லை, வால் சரியாக வளையவில்லை என்று ஆரோக்கியமான நாய்களைத் தள்ளிவைத்தாலும் அதே கதைதான். இந்த இனத்தில் முன்கடைவாய்ப் பல் குறைவது சாதாரணம். மல்லிக்கு இரண்டாம் ஈற்றுக்கு நான் கேட்ட ஆணைச் சங்கத்தில் மறுத்தார்கள். அதற்கு ஏற்கெனவே போதிய குட்டிகள் இருக்கின்றனவாம். கோபம் வந்தது. அவர்கள் காட்டிய ஆண் பரிசு எதுவும் வாங்காத ஒரு பண்ணை வீட்டு நாய், வயது ஒன்பது. இன்று நினைத்தாலும் அதுதான் சரியான இணை.

குட்டி போடும் நேரத்துக்கு வருவோம். இணைந்து ஒன்பது கிழமை அளவில் பெட்டையின் உடல்சூட்டை நாளுக்கு மூன்று தரம் அளக்க வேண்டும். 38இலிருந்து 37 பாகைப் பக்கம் சட்டென்று இறங்கினால் ஒரு நாளுக்குள் குட்டி வரும். அன்று வெளியே போகாதீர்கள். மிருக வைத்தியரின் இரவு இலக்கத்தைச் சுவரில் ஒட்டி வையுங்கள். முக்கத் தொடங்கி அரை மணித்தியாலம் கடந்தும் குட்டி வராவிட்டால் உடனே அழையுங்கள். ஒற்றைக் குட்டி பெரிதாக வளர்ந்து சிக்குவது உண்டு. குட்டிகளின் பெட்டியில் முதல் கிழமை 30 பாகை அளவு சூடு இருக்கட்டும், ஆனால் ஒரு மூலை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூடு கூடினால் குட்டி ஊர்ந்து போக இடம் வேண்டுமல்லவா? நகம் வெட்டப் பழக்குவதைக் கண் திறக்க முதலே தொடங்குங்கள். இருபத்துநான்கு விரல். மேலே இருக்கும் விரல்களின் நகம் தேயாமல் வளைந்து தோலில் குத்தும்.

வாங்க வருபவர்கள் விரலைத்தான் முதலில் எண்ணுவார்கள். நான் குடலைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். கொழுப்புக் குறைந்த, இலகுவில் செமிக்கும் உணவு, வருடாந்த இரத்தப் பரிசோதனை, எந்த வயதிலும் நாயை நான் திரும்ப எடுப்பேன் என்ற உறுதி, இவ்வளவும் எழுத்தில் இருக்கும். கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

நோர்வேயின் விலங்கு நலச் சட்டம், இணை சேர்ப்பது உறுதியான, ஆரோக்கியமான விலங்குகளைத் தர வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தை வைத்தே 2023இல் உச்ச நீதிமன்றம் கவாலியர் நாய்களின் இனவிருத்தியைப் பற்றிக் கடுமையான தீர்ப்புத் தந்தது. லுண்டஹுண்ட் ஆட்கள் அதற்கு முன்பே ஒரு கடினமான முடிவை எடுத்திருந்தார்கள். நோர்வே பூஹுண்ட், ஐஸ்லாந்து மேய்ப்பு நாய், நொர்போத்தன்ஸ்பித்ஸ் ஆகிய மூன்று உறவு இனங்களோடு கலந்து, பிறகு மீண்டும் லுண்டஹுண்டுக்கே திரும்பும் திட்டம் அது. இரத்தம் கெட்டுவிடும் என்று முதலில் நானும் எதிர்த்தேன். அந்த வயதான அம்மாவின் குரல்தான் என்னை மாற்றியது.

இப்போது என் வீட்டில் கால் பங்கு பூஹுண்ட் உள்ள பெட்டை ஒன்று இருக்கிறது. போன மாசி மாதம் நாலு குட்டி போட்டது. எல்லாக் காலிலும் ஆறு விரல் இல்லை. ஒன்றின் பின்னங்காலில் ஐந்துதான். மனைவி அந்தக் காலைப் பிடித்துப் பார்த்தபடி, "இஞ்சாருங்கோ, இதைக் கணக்கில சேர்ப்பினமோ?" என்று கேட்டாள். சேர்ப்பார்கள் என்று சொல்லிக் கொப்பியைத் திறந்தேன். அதன் எடைதான் நாலிலும் கூட, 240 கிராம்.