பசுமைக்கு மதிப்பெண் உண்டா?

கேள்வி: வாசலில் நாலு தொட்டி வைத்துவிட்டு, 'பசுமைக் குடியிருப்பு' என்று விளம்பரம் செய்கிறார்கள். பசுமையை அளக்க அளவுகோல் கிடையாதா?

பதில்: உண்டு. ஜெர்மனியின் பெர்லின் நகரம் 1990களிலேயே ஒன்றை வகுத்து, நகரின் சில பகுதிகளில் சட்டமாக்கியது. அந்த முதல் அளவுகோலில் மனையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மதிப்பெண் இருந்தது. மழைநீர் இறங்காத கான்கிரீட்டுக்குப் பூஜ்யம். மணல்மேல் பதித்த கல்தளத்துக்கு 0.3. மொட்டைமாடித் தோட்டத்துக்கு 0.7. நிலத்தடி மண்ணோடு தொடர்புள்ள செடிகொடிப் பரப்புக்கு முழுசாக 1. மொத்தத்தை மனையின் பரப்பால் வகுத்தால், புதிய குடியிருப்புக்குக் குறைந்தது 0.6 வரவேண்டியிருந்தது.

1,000 சதுர மீட்டர் மனையைப் பாருங்கள். கட்டடம் 500, கான்கிரீட் முற்றம் 300, தோட்டம் 200. மதிப்பு வெறும் 0.2. மாடி முழுக்கத் தோட்டம் போட்டால் 0.55. முற்றத்து கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டு மணல்மேல் கல் பதித்தால் 0.64. தேறிவிட்டது! கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூடக் குறைக்கவில்லை.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. இது பரப்பை அளக்கிறதே தவிர, நட்ட செடி அடுத்த கோடையில் உயிரோடிருக்கிறதா என்று கேட்பதில்லை. தண்ணீர் ஊற்றுவது யார், ஐந்தாண்டு கழித்து எத்தனை மரம் மிச்சம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் தரம் முழுமையாகும்.

வீடு வாங்கப் போகும்போது தொட்டிகளை எண்ணாதீர்கள். மழைநீர் எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று கேளுங்கள்.