புதுப் போன் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் புதுப் போன் வாங்க ஆசைப்படும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். போன் பழுது பார்ப்பது என் தொழில். வெளியான அன்று ஷோரூம் வெளிச்சத்தில் ஒரு போன் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷம் கழித்து அது என்ன ஆகிறது என்பது பழுது பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். அந்த மூன்றாவது வருஷத்தை மனதில் வைத்துத்தான் புதுப் போனை எடை போட வேண்டும்.

1. புதுப் போனைப் பார்க்குமுன் பழைய போனைப் பாருங்கள். அதற்கு என்ன குறை என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதா? "ஸ்லோவா இருக்குண்ணே" என்று கொண்டு வருகிறவர்களின் போனை வாங்கி ஸ்டோரேஜைத் திறந்தால், பெரும்பாலும் 64 ஜிபியில் ஒரு ஜிபிகூடக் காலி இருக்காது. குடும்பக் குரூப்பில் வந்து குவிந்த காலை வணக்க வீடியோக்களை அழித்தாலே பாதி மந்தம் போய்விடும். இன்னும் சில போன்களில் குறை பேட்டரியில் இருக்கும். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக அவற்றின் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், 79 டாலர் வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி மாற்றத்தை 29 டாலருக்குச் செய்து கொடுத்தார்கள். புதுப் பேட்டரி ஏறியதும் பழைய வேகம் திரும்பியது. தினமும் ஒரு முழுச் சார்ஜ் என்று ஓடுகிற பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்வது இயற்கை. அதை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் போதவில்லையென்றால் கடைக்குப் போங்கள்.

2. வெளியான முதல் மாதம் வாங்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாம்சங் கேலக்ஸி நோட் 7 என்ற போன் 2016 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்கா, தென்கொரியா முதலிய நாடுகளில் விற்பனைக்கு வந்தது. அந்த நேரத்தில் அதைவிட நல்ல ஆண்ட்ராய்டு போன் இல்லை என்றுதான் பலரும் எழுதினார்கள். இரண்டு வாரம் ஆகவில்லை, சார்ஜில் போட்ட போன் தீப்பிடித்ததாகப் புகார்கள் வரிசை கட்டின. செப்டம்பர் 2 அன்று சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. வேறொரு தயாரிப்பாளரின் பேட்டரியைப் போட்டு மாற்றுப் போன் கொடுத்தார்கள். அதுவும் புகைந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்காவில் புறப்படத் தயாராக நின்ற ஒரு விமானத்துக்குள், ஒரு பயணியிடம் இருந்த மாற்றுப் போன் புகைய, எல்லோரையும் கீழே இறக்கினார்கள். அக்டோபர் 11 அன்று தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

என்ன நடந்தது என்று 2017 ஜனவரியில் நிறுவனம் விளக்கியது. பேட்டரி உறைக்குள் நேர்மின் தகடும் எதிர்மின் தகடும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது, நடுவில் இருக்கும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம். முதல் பேட்டரியில் மேல் மூலையில் போதிய இடம் விடாததால் தகடு நசுங்கி மடிந்திருந்தது. இரண்டாவது பேட்டரியில் வெல்டிங் வைத்த இடத்துப் பிசிறு அந்தப் படலத்தைக் குத்திக் கிழித்தது. இவ்வளவு சின்னக் குறையை எந்த ஷோரூமிலும் யாரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. லட்சக்கணக்கானவர்கள் அன்றாடம் பயன்படுத்தும்போதுதான் அது வெளியே வரும். அந்த லட்சம் பேரில் முதல் ஆளாக நீங்கள் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் நாட்டில் முன்பதிவு செய்தவர்கள் கைக்குப் போன் வந்து சேருமுன்பே விஷயம் வெளிப்பட்டுவிட்டது. பொறுத்திருப்பதன் பலன் அதுதான்.

தீ என்பது அபூர்வம். ஆனால் டவர் பிடிக்காமல் திணறுவது, சூடாவது, சார்ஜ் சரசரவென்று இறங்குவது எல்லாம் புதுப் போன்களில் அடிக்கடி நடக்கும். இவற்றில் பல குறைகளை முதல் சில அப்டேட்களிலேயே சரி செய்துவிடுவார்கள். எது சரியாகிறது, எது சரியாகவில்லை என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

3. எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ் 24-க்கும் ஏழு வருஷம் என்று வாக்குக் கொடுத்தார்கள். விலை குறைந்த பல போன்களுக்கு அதில் பாதிகூட இருக்காது. ஆண்ட்ராய்டின் புதுப் பதிப்பு வேறு, பாதுகாப்பு அப்டேட் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு நடமாடுவது ஆபத்து. ஆண்ட்ராய்டு மிகவும் பழசாகிப்போனால் வங்கிச் செயலிகளே ஓட மறுத்துவிடும்.

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, கடையில் இருக்கும் டெமோ போனின் செட்டிங்ஸைத் திறந்து 'அபவுட் போன்' பகுதிக்குப் போங்கள். கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி அங்கே இருக்கும். அதே நிறுவனத்தின் ஒரு வருஷம் பழைய மாடலை யாராவது வைத்திருந்தால் அதிலும் பாருங்கள். அப்டேட் மாதக்கணக்கில் பின்தங்கியிருந்தால், விளம்பரத்தில் சொன்ன வாக்கு எப்படிக் காப்பாற்றப்படும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

4. உதிரி பாகத்தின் விலையைக் கேட்காமல் வாங்காதீர்கள். போன் வாங்க வருகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, "இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு?" என்று விசாரியுங்கள். பல நிறுவனங்கள் இந்த விலைப் பட்டியலை இணையத்திலேயே போட்டிருக்கின்றன. டிஸ்ப்ளே விலை போன் விலையில் பாதியை நெருங்கினால் அந்தப் போனை விட்டுவிடுங்கள். ஒருமுறை கைதவறினால் அந்தப் பாதியை மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

ஓரம் வளைந்த டிஸ்ப்ளே பார்க்க அழகு. அதைக் கழற்றுவது எப்படி என்று தெரிந்தால் ஆசை கொஞ்சம் குறையும். பின் கண்ணாடியைச் சூடு காட்டிப் பசையை இளக்க வேண்டும். சூடு கூடினால் டிஸ்ப்ளேயில் கறை விழும், குறைந்தால் பிளேடு நுழையாது. ஓரத்தில் மயிரிழை அளவு அழுத்தம் கூடினாலும் பச்சைக் கோடு ஓடிவிடும். இந்த மாதிரி போன்களுக்கு வெளியில் கிடைக்கும் காப்பி டிஸ்ப்ளேயைப் போட்டால் வெளிச்சமும் குறையும், விரல்ரேகையும் வேலை செய்யாமல் போகலாம். தட்டையான டிஸ்ப்ளே உள்ள போனே உழைக்கிறவனுக்குத் தோது. டெம்பர் கிளாஸும் அதில்தான் ஒழுங்காக ஒட்டும்.

சென்னையிலும் கோவையிலும் சர்வீஸ் சென்டர் இருப்பது உங்களுக்குப் போதாது. தென்காசியிலோ பட்டுக்கோட்டையிலோ இருந்தால், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷத்துக்கு முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்கிறது அது. அப்படி ஒரு சட்டம் நமக்கும் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வரும்வரை நாமே விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

5. விளம்பரத்தில் போடுகிற விலை உங்கள் விலை அல்ல. அது மிகக் குறைந்த ஸ்டோரேஜுக்கு, ஒரு குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு, பழைய போனைக் கொடுத்தால் கிடைக்கும் விலையாக இருக்கும். உங்களுக்கு வேண்டிய ஸ்டோரேஜின் விலையைப் பாருங்கள், அந்த அட்டை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டியில்லாத் தவணை என்பதிலும் வட்டி உண்டு. அந்த வட்டியைத் தள்ளுபடியாக முன்னாலேயே கழித்துவிடுகிறார்கள். ஆனால் அதன் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் அட்டையில் ஏறும்.

புதுசு வந்தால் போன வருஷத்து உயர்ந்த மாடல் விலை இறங்கும். இந்த வருஷத்து நடுத்தரப் போனைவிட அது நல்ல கேமராவும் உறுதியான உடம்பும் கொண்டதாக இருக்கும். வாங்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அப்டேட் வருஷங்களை நிறுவனங்கள் போன் வெளியான நாளிலிருந்து எண்ணுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

6. மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். 200 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். 2 மெகாபிக்சல் மேக்ரோ என்பது பின்பக்கத்தில் வட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு. கடையின் மங்கலான மூலையில் நண்பனைக் கையசைக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், போதும்.

7. "8 பிளஸ் 8 ஜிபி" என்றால் ரேம் 8 மட்டுமே. மீதி, ஸ்டோரேஜிலிருந்து எடுத்து ரேம்போல் ஒப்பேற்றுவது. ஸ்டோரேஜ் இஎம்எம்சி வகையா, யுஎஃப்எஸ் வகையா என்று கேளுங்கள். யுஎஃப்எஸ் வேகமானது. மெமரி கார்டு போட இடமில்லாத போனில் 128 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

8. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டு வரும் போனுக்கு முதலில் நெட்வொர்க்கைச் சரிபாருங்கள். நம் நாட்டில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. கட்டடத்துக்குள் நன்றாக நுழையும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஜியோ பயன்படுத்துகிறது. அதன் பெயர் என்28. போனின் விவரக் குறிப்பில் அதுவும், 5ஜி-யின் இன்னொரு அலைவரிசையான என்78-உம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் ஐபோன் 14 முதல் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். வாரண்டி இங்கே செல்லுமா என்பதையும் மாமா வாங்குமுன் கேட்டுச் சொல்லட்டும்.

9. தண்ணீர் தாங்கும் என்பதற்கு அடையாளமாக ஐபி68 என்று போட்டிருந்தாலும் போனோடு கடலில் இறங்காதீர்கள். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. தண்ணீர் புகுந்தால் வாரண்டி பெரும்பாலும் கிடையாது. ஒருமுறை திறந்து மூடிய போனில் பழைய ரப்பர் அடைப்பையும் பசையையும் நம்பக் கூடாது.

10. வெளியான அன்றே வரும் விமர்சனங்களை அளவோடு நம்புங்கள். அவர்களுக்குப் போன் கிடைத்து ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம் ஆகியிருக்கும். பேட்டரி தளர்வதையும் டிஸ்ப்ளேயில் கோடு விழுவதையும் அந்த நாட்களில் யாரும் பார்க்க முடியாது. வேகச் சோதனை எண்களிலும் கவனம் தேவை. சாதாரணச் செயலிகளின் வேகத்தைக் குறைத்து, சோதனைச் செயலியை மட்டும் முழு வேகத்தில் ஓட விட்டதாக, 2022-இல் வேகச் சோதனைச் செயலியான கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து சாம்சங் எஸ் 22 உள்ளிட்ட மாடல்களையே நீக்கியது. ஆறு மாதம் பயன்படுத்தியவர் சொல்வதைத் தேடிக் கேளுங்கள். உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் இருப்பார்.

11. வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். பெட்டியைக் கடையிலேயே உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். அதே எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியிலும் போட்டுப் பாருங்கள். வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் வைத்து டிஸ்ப்ளேயில் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சிம்மைப் போட்டு அம்மாவுக்கு ஒரு போன் பேசுங்கள், இரண்டு பக்கமும் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். பில்லை அன்றைக்கே படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். கடைகள் தரும் தாள்கள் பலவற்றில் ஒரு வருஷத்துக்குள் எழுத்து மங்கிவிடும், வாரண்டி கேட்டு வருகிறவர்கள் வெறும் வெள்ளைத் தாளோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.