அரசு லேப்டாப் தவழ்கிறதா? லினக்ஸுக்குச் சில குறிப்புகள்

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் எட்டயபுரம் பக்கத்து வீடுகளிலும் உண்டு. விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் ராம் 2 ஜிபிதான். இன்றைய இணையதளங்களுக்கு அது பற்றாது. அதற்காகப் பழைய சாமானோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

1. கோளாறு ராமில்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். டெர்மினலில் 'ஃப்ரீ' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். 'ஃப்ரீ' என்ற எண் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ராமில் லினக்ஸ் கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்'. அது மிகவும் இறங்கி, ஸ்வாப் (ராம் பற்றாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடம்) ஏறிக்கொண்டே போய், டிஸ்க் விளக்கு விடாமல் மின்னினால் ராம் பற்றவில்லை. ஸ்வாப் ஏறாமலே மந்தமாகி, அடிப்பக்கம் கொதித்தால் ஃபேனில் கரிசல் புழுதி அடைத்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்தாலே போதும்.

2. ராமை அதிகம் தின்பது பிரவுசர். உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும்போது யூடியூப் டேபை மூடிவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் ஷிஃப்ட், எஸ்கேப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் எந்தத் தளம் எவ்வளவு எடுக்கிறது என்று தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்தால் விளம்பரச் சுமையும் குறையும்.

3. நோம் டெஸ்க்டாப் 2 ஜிபிக்குப் பாரம். எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி நிறுவி, லாகின் திரையில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

4. பழைய பாஸ் பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்கவே திறக்காதீர்கள். புதிய டெபியன் போட்டுக்கொள்ளுங்கள்.

5. செலவில்லாத நல்ல மருந்து இசட்ரேம். டிஸ்குக்குப் போக வேண்டியதைச் சுருக்கி ராமிலேயே வைக்கும். டெபியனில் 'இசட்ரேம் டூல்ஸ்' என்ற தொகுப்பு. கூடவே 'இயர்லிஊம்' நிறுவினால், திரை உறைவதற்கு முன்பே பெருந்தீனி புரோகிராம் ஒன்றை அது மூடிவிடும். சேமிக்காத வேலை அதோடு போகும், அவ்வப்போது சேமியுங்கள்.

6. இத்தனைக்கும் அடங்காவிட்டால் ராம் கூட்டுவதே தீர்வு. கோவில்பட்டிக்கு பஸ் ஏறும் முன், உள்ளே இருப்பது டிடிஆர்3-யா, டிடிஆர்3எல்-ஆ, காலி ஸ்லாட் உண்டா, அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். முந்தையது 1.5 வோல்ட், பிந்தையது 1.35. பேட்டரியைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி. அப்போது ஸ்வாப் ஏறினாலும் அவ்வளவாகத் தெரியாது.